இயங்குதளத்தை மேம்படுத்திய பின் திரையில் கோளாறா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸ், லினக்ஸ், மேக் எதுவானாலும் பெரிய அப்டேட் ஒன்றைப் போட்ட கையோடு திரை மக்கர் செய்வது பலருக்கும் நடப்பதுதான். பயந்துபோய் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து நிறுவ ஆரம்பிக்காதீர்கள். கோளாறு எந்த இடத்தில் இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொண்டால் பாதிப் பேருக்கு மேல் எதையும் அழிக்காமலேயே சரிசெய்துவிடலாம் என்பது என் எண்ணம். கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை விண்டோஸ் 10, 11 பற்றியவை. லினக்ஸுக்கும் மேக்குக்கும் பின்னால் தனித்தனி பதில் இருக்கிறது.

நேற்று வரை நன்றாக இருந்த திரை, அப்டேட் போட்டதும் ஏன் கெட்டுப்போகிறது?

விண்டோஸில் பெரிய பதிப்பு மாற்றம் என்பது பழையதன் மேல் ஒட்டுப்போடும் வேலை இல்லை. புதிய விண்டோஸ் தனியாக நிறுவப்பட்டு, உங்கள் கோப்புகளும் புரோகிராம்களும் அதற்குள் மாற்றப்படுகின்றன. பழையது 'விண்டோஸ் டாட் ஓல்ட்' என்ற ஃபோல்டரில் ஒதுக்கிவைக்கப்படும். இந்த மாற்றத்தில் கிராபிக்ஸ் டிரைவர் (திரைக்குப் படம் அனுப்பும் கார்டை இயக்கும் மென்பொருள்) அப்படியே வந்து சேரலாம். விண்டோஸ் அப்டேட் தானாக வேறொரு பதிப்பைப் போட்டுவிடலாம். பொருத்தமான எதுவும் கிடைக்காவிட்டால், 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்ற பொதுவான டிரைவரை வைத்துச் சமாளிக்கும்.

கார்டும் மானிட்டரும் அதேதான், இரண்டையும் ஓட்டுகிற மென்பொருள்தான் மாறிவிட்டது. அதனால் முதல் சந்தேகம் டிரைவர் மேல் விழுவது நியாயமே. ஆனால் அது மட்டுமே காரணம் என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. அப்டேட்டின்போது கணினி பலமுறை ரீஸ்டார்ட் ஆகும். ஏற்கெனவே தளர்ந்திருந்த கேபிளோ, உயிரை விடும் நிலையில் இருந்த பேனலோ அந்த நேரம் பார்த்து வெளிப்படலாம்.

கோளாறு டிரைவரிலா, கேபிளிலா, மானிட்டரிலா? எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் வேறு எதிலும் கைவைக்க வேண்டாம். நான்கு சோதனைகள் போதும்.

முதலில் கணினியை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டு, பயாஸ் (விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே இயங்கும் அடிப்படை மென்பொருள்) அமைப்புப் பக்கத்துக்குள் போங்கள். டெலீட் அல்லது எஃப்2 விசையை அழுத்தினால் பெரும்பாலான கணினிகளில் அது வரும். அந்தப் பக்கம் தோன்றும்போது விண்டோஸும் இல்லை, அதன் டிரைவரும் இல்லை. அங்கேயும் கோடு, மினுக்கல், நிறமாற்றம் தெரிந்தால் கோளாறு வன்பொருளில்தான். அங்கே பளிச்சென்று இருந்து விண்டோஸ் ஏறியதும் கெட்டால், டிரைவர் அல்லது அமைப்பு.

அடுத்து, கோளாறு தெரியும்போதே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதை உங்கள் கைபேசியில் திறந்து பாருங்கள். படத்திலும் அந்தக் கோடுகள் இருந்தால், கணினி உருவாக்கும் காட்சியே பழுது. படம் சுத்தமாக இருந்தால் படம் உருவான பிறகுதான், அதாவது கார்டின் வெளியீட்டிலோ கேபிளிலோ பேனலிலோ, பிரச்சினை.

மூன்றாவது, வேறொரு மானிட்டரையோ டிவியையோ இணைத்துப் பார்ப்பது. மடிக்கணினிக்கு இது மிக முக்கியம். டிவியில் நன்றாகத் தெரிந்து மடிக்கணினியின் திரையில் மட்டும் தெரியவில்லை என்றால், பேனல், மடிப்புக்குள் ஓடும் கேபிள், பின்னொளி ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். இருட்டில் கறுத்த திரைமேல் டார்ச் அடித்துப் பாருங்கள். மங்கலாக ஐகான்கள் தெரிந்தால், படம் வருகிறது, பின்னொளிதான் எரியவில்லை என்று அர்த்தம்.

நான்காவது, சேஃப் மோட். அதில் விண்டோஸ் அடிப்படை டிரைவரை மட்டும் வைத்து இயங்கும். அங்கே கோளாறு மறைந்தால் கிராபிக்ஸ் டிரைவரோ, கூடவே தொடங்கும் ஏதோ ஒரு புரோகிராமோதான் காரணம்.

திரை முழுக்கக் கறுப்பாக இருக்கிறது. ஒன்றுமே தெரியவில்லை. என்ன செய்வது?

கணினி உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். கேப்ஸ் லாக் விசையை அழுத்தினால் அதன் விளக்கு மாறி மாறி எரிகிறதா? எரிந்தால் விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கிறது, படம்தான் வரவில்லை.

இப்போது விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு பி விசையை அழுத்துங்கள் (ஏ-க்கு அடுத்து வரும் பி). ஒரு பீப் ஒலி கேட்கும், திரை ஒருமுறை மினுங்கும். கிராபிக்ஸ் டிரைவரை அப்படியே மறுபடி தொடங்கவைக்கும் குறுக்குவழி இது. திறந்திருக்கும் கோப்புகளுக்கு எதுவும் ஆகாது.

அதிலும் வரவில்லையென்றால் விண்டோஸ் விசையுடன் இன்னொரு பி-யை அழுத்துங்கள் (ஓ-வுக்கு அடுத்து வரும் பி). படம் எந்தத் திரைக்குப் போக வேண்டும் என்று தேர்வுசெய்யும் பட்டியல் அது. அப்டேட்டுக்குப் பின் 'இரண்டாவது திரை மட்டும்' என்று மாறிக்கிடந்தால், இல்லாத ஒரு திரைக்குப் படம் போய்க்கொண்டிருக்கும். அம்புக்குறியால் ஒருபடி நகர்ந்து என்டர் தட்டி, சில நொடிகள் காத்திருந்து பாருங்கள். வராவிட்டால் மறுபடி அதையே செய்யுங்கள்.

கறுப்புத் திரையில் மவுஸ் குறி மட்டும் தெரிகிறதா? அப்படியானால் டிரைவர் வேலை செய்கிறது, டெஸ்க்டாப்தான் தொடங்கவில்லை. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'ரன் நியூ டாஸ்க்' பகுதியில் எக்ஸ்ப்ளோரர் என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுங்கள். டெஸ்க்டாப் வந்துவிட்டால், உள்நுழையும்போது கூடவே தொடங்கும் புரோகிராம்களில் ஏதோ ஒன்று தடுக்கிறது.

மேசைக் கணினியில் தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் பின்பக்கம் பாருங்கள். கேபிள் மதர்போர்டின் துளையில் செருகியிருக்கிறதா, கார்டின் துளையிலா? இதுவரை இரண்டும் வேலை செய்திருக்கலாம், அப்டேட்டுக்குப் பின் ஒன்று நின்றிருக்கலாம். மாற்றிச் செருகிப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. கையோடு மானிட்டரின் மின் இணைப்பையும் பிடுங்கி, அரை நிமிடம் விட்டு மறுபடி செருகுங்கள். மானிட்டருக்குள்ளும் ஒரு சிறிய கணினி இருக்கிறது, அதுவும் சில நேரம் சிக்கிக்கொள்ளும்.

எதுவுமே தெரியாதபோது சேஃப் மோடுக்கு எப்படிப் போவது?

உள்நுழையும் திரை தெரிந்தால் எளிது. ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். அதுவும் தெரியவில்லையென்றால், விண்டோஸ் ஏறத் தொடங்கும்போது பவர் பொத்தானை நீண்ட நேரம் அழுத்தி அணையுங்கள். இரண்டு மூன்று முறை இப்படித் தடைபட்டால் அடுத்த முறை மீட்புத் திரை தானாக வரும். அதில் 'டிரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' என்று வரிசையாகப் போய் ரீஸ்டார்ட் கொடுத்தால் எண்களுடன் ஒரு பட்டியல் வரும். 4 என்றால் சேஃப் மோட், 5 என்றால் இணையத்துடன் சேஃப் மோட். 3 என்பது குறைந்த ரெசல்யூஷனில் (திரையில் காட்டும் புள்ளிகளின் எண்ணிக்கை) தொடங்குவது. மானிட்டர் 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று சொல்லிக் கறுத்துப்போகும்போது இந்த 3 நன்றாகக் கைகொடுக்கும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. டிஸ்க் குறியாக்கம் இயங்கும் கணினியில், இந்த வழியில் போகும்போது பிட்லாக்கர் மீட்புக் குறியீட்டைக் கேட்கலாம். 48 இலக்கங்கள் கொண்டது அது. சொந்தக் கணினி என்றால் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். வேறொரு கருவியில் அதைத் திறந்து எடுத்து வைத்துக்கொண்டு பிறகு ஆரம்பியுங்கள்.

எல்லாம் பெரிது பெரிதாகத் தெரிகிறது. ரெசல்யூஷன் 1024x768-க்கு மேல் போக மறுக்கிறது.

டிவைஸ் மேனேஜரில் (கணினியில் உள்ள கருவிகளைப் பட்டியலிடும் விண்டோஸ் பகுதி) 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' பகுதியை விரித்துப் பாருங்கள். உங்கள் கார்டின் பெயருக்குப் பதில் மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்று இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது, சரியான டிரைவர் போட வேண்டும். இந்த நிலையில் ஒளி அளவை மாற்ற முடியாது, இரண்டாவது மானிட்டர் வேலை செய்யாது, வீடியோ திணறும். தனித்தனிப் பழுதுகள் என்று நினைத்து ஒவ்வொன்றின் பின்னாலும் அலையாதீர்கள். எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான்.

கார்டின் பெயர் சரியாகவே இருந்து, ரெசல்யூஷன் மட்டும் குறைவாக இருக்கிறதா? அப்போது கேபிளின் பக்கம் பாருங்கள். ஒவ்வொரு மானிட்டரும் தன்னால் எந்தெந்த ரெசல்யூஷனைக் காட்ட முடியும் என்ற விவரத்தைக் கேபிள் வழியாகக் கணினிக்குச் சொல்லும். இதற்கு ஈடிஐடி என்று பெயர். நடுவில் விஜிஏ மாற்றியோ, ஸ்ப்ளிட்டரோ, பல கணினிக்கு ஒரு மானிட்டரை மாற்றித் தரும் பெட்டியோ இருந்தால் இந்த விவரம் வழியில் தொலைந்துபோகலாம். நடுவில் எதுவுமில்லாமல் நேரடியாக இணைத்துப் பாருங்கள்.

டிரைவரை எங்கிருந்து எடுப்பது, எப்படிப் போடுவது?

மடிக்கணினி என்றால் அதைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில், உங்கள் மாடல் எண்ணுக்கான பக்கத்தில் முதலில் தேடுங்கள். ஒளிக் கட்டுப்பாடு, இரண்டு கிராபிக்ஸுக்கு இடையே மாறுவது போன்றவற்றை அந்த மாடலுக்கென்றே சரிசெய்து அவர்கள் தருவதுண்டு. அங்கே புதிய இயங்குதளத்துக்கு எதுவும் இல்லையென்றால் இன்டெல், ஏஎம்டி, என்விடியா தளங்களுக்குப் போகலாம். மேசைக் கணினிக்கு நேராகவே இந்த மூன்றில் ஒன்றுதான். 'உங்கள் டிரைவர்கள் பழையவை' என்று கூவி விற்கும் இலவச டிரைவர் அப்டேட்டர் புரோகிராம்கள் பக்கம் தயவுசெய்து போகாதீர்கள். தவறான டிரைவரைப் போட்டுவிட்டு, கூடவே வேண்டாத மூன்று புரோகிராம்களையும் விட்டுச்செல்பவை அவற்றில் பல.

அப்டேட்டுக்குப் பின் புதிய டிரைவர் வந்து அதில்தான் கோளாறு என்றால், டிவைஸ் மேனேஜரில் கார்டின் பெயரை இருமுறை தட்டி, 'டிரைவர்' தாவலில் 'ரோல் பேக் டிரைவர்' கொடுக்கலாம். அந்தப் பொத்தான் மங்கிக்கிடந்தால் பழைய டிரைவர் கைவசம் இல்லை என்று பொருள்.

சாதாரண முறையில் நீக்கிப் போட்டும் சரியாகவில்லையென்றால் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவசக் கருவி இருக்கிறது. டிடியு என்று சுருக்கிச் சொல்வார்கள். பழைய டிரைவரின் மிச்சம்மீதி வரை துடைத்துவிடும். வரிசை மாறாமல் செய்யுங்கள்: புதிய டிரைவரை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வது, இணையத்தைத் துண்டிப்பது, சேஃப் மோடுக்குப் போய் டிடியுவை ஓட்டுவது, சாதாரண முறையில் திரும்பி வந்து புதிய டிரைவரைப் போடுவது, கடைசியாக இணையம். இணையத்தைத் துண்டிக்காவிட்டால் நீங்கள் போடுவதற்குள் விண்டோஸ் அப்டேட் முந்திக்கொண்டு தன் டிரைவரைப் போட்டுவிடும்.

பழைய டிரைவருக்குத் திரும்பினேன், நன்றாக இருந்தது. மறுநாள் விண்டோஸ் மறுபடி புதியதைப் போட்டுவிட்டது!

மைக்ரோசாஃப்ட் தரும் 'ஷோ ஆர் ஹைட் அப்டேட்ஸ்' என்ற சிறிய கருவியில் அந்த ஒரு டிரைவரை மட்டும் மறைத்துவைக்கலாம். மொத்த அப்டேட்டையும் நிறுத்திவைப்பதைவிட இது எவ்வளவோ மேல். பாதுகாப்பு அப்டேட்டுகள் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும்.

திரை மினுங்கிக்கொண்டே இருக்கிறது.

மைக்ரோசாஃப்டே சொல்லும் எளிய சோதனை ஒன்று உண்டு. மினுங்கும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து வையுங்கள். திரையோடு சேர்ந்து அதுவும் மினுங்கினால் டிரைவர்தான் காரணம். மற்றதெல்லாம் மினுங்க அது மட்டும் அசையாமல் நின்றால் ஏதோ ஒரு புரோகிராம். பழைய ஆன்டிவைரஸ், மடிக்கணினியோடு வந்த ஆடியோ கருவிகள், டெஸ்க்டாப் அலங்காரப் புரோகிராம்கள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக அப்டேட் செய்தோ நீக்கியோ பாருங்கள். ஒரே நேரத்தில் நாலைந்தை மாற்றினால் எது காரணம் என்று தெரியாமலே போய்விடும்.

திரை ஓரிரு நொடி கறுத்துவிட்டு, தானாகவே திரும்ப வருகிறதா? இது வேறு விஷயம். கிராபிக்ஸ் கார்டு இரண்டு நொடிக்கு மேல் பதில் சொல்லாமல் நின்றால் விண்டோஸ் டிரைவரை மறுபடி தொடங்கவைக்கும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணோடு பதிவு இருந்தால் இதுதான் நடக்கிறது. முதலில் டிரைவரை மாற்றிப் பாருங்கள். மாற்றியும் தொடர்ந்தால் கார்டின் சூடு, மின்சப்ளை, ஓவர்கிளாக்கிங் (கார்டை அதன் இயல்பு வேகத்தைவிட வேகமாக ஓட்டுவது) பக்கம் கவனத்தைத் திருப்புங்கள்.

இன்டெல் கிராபிக்ஸ் உள்ள மடிக்கணினியில் பேட்டரியில் ஓடும்போது மட்டும் மினுங்கினால், இன்டெல் கிராபிக்ஸ் கட்டுப்பாட்டுப் புரோகிராமின் பவர் பகுதியில் 'பேனல் செல்ஃப் ரெஃப்ரெஷ்' என்பதை அணைத்துப் பாருங்கள்.

எழுத்துகள் மங்கலாக, பனி படர்ந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் தெரிகின்றன.

டிஸ்ப்ளே அமைப்பில் 'ரெகமெண்டட்' என்று குறித்திருக்கும் ரெசல்யூஷன்தான் இருக்கிறதா என்று பாருங்கள். எல்சிடி பேனலுக்குப் புள்ளிகளின் எண்ணிக்கை நிலையானது. அதைத் தவிர எதை வைத்தாலும் கொஞ்சம் மங்கும். அதுவும் சரியாக இருந்தால் அடுத்தது ஸ்கேலிங், அதாவது 100, 125, 150 சதவீதம் என்று வரும் அளவு. அப்டேட்டில் இது மாறியிருக்கலாம். மாற்றியபின் ஒருமுறை சைன் அவுட் செய்து உள்ளே வாருங்கள்.

ஒரே ஒரு பழைய புரோகிராம் மட்டும் மங்குகிறதென்றால் அதன் குறுக்குவழியில் வலது கிளிக், 'ப்ராப்பர்ட்டீஸ்', 'கம்பேட்டிபிலிட்டி' தாவல், 'சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்'. அங்கே ஸ்கேலிங்கைப் புரோகிராமே பார்த்துக்கொள்ளட்டும் என்று 'அப்ளிகேஷன்' என்பதைத் தேர்வுசெய்யலாம்.

நிறங்கள் வெளிறிப்போய் இருக்கின்றன.

எச்டிஆர் (ஒளி, நிற வேறுபாடுகளைக் கூட்டிக் காட்டும் வசதி) ஆன் ஆகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எச்டிஆரைச் சரியாகக் காட்ட முடியாத மானிட்டரில் அது இயங்கினால் டெஸ்க்டாப் முழுக்கச் சாம்பல் பூத்ததுபோல் ஆகும். மஞ்சளாகத் தெரிந்தால், நீல ஒளியைக் குறைக்கும் நைட் லைட் வசதி ஆன் ஆகியிருக்கும். கறுப்பு மட்டும் சாம்பலாகத் தெரிகிறது, எச்டிஎம்ஐ கேபிள் என்றால், கார்டின் கட்டுப்பாட்டுப் புரோகிராமில் நிற வரம்பு 'லிமிடெட்' என்று மாறியிருக்கும். அது டிவிகளுக்கான 16 முதல் 235 வரையிலான வரம்பு. கணினி மானிட்டருக்கு 'ஃபுல்' வையுங்கள், 0 முதல் 255 வரை முழுதாக வரும்.

144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினேன், இப்போது இழுத்து இழுத்து ஓடுகிறது.

திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்ற எண் 60-க்கு இறங்கியிருக்கும். 'அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே' பகுதியில் மாற்றிக்கொள்ளுங்கள். பட்டியலில் 144 இல்லவே இல்லையென்றால் டிரைவர் அல்லது கேபிள். 4கே மானிட்டர் 30 ஹெர்ட்ஸுக்கு மேல் போகாவிட்டால், இணைப்பில் எங்கோ எச்டிஎம்ஐ 1.4 தரத்துக்கான கேபிளோ மாற்றியோ இருக்க வாய்ப்பு அதிகம்.

டாக் (ஒரே கேபிளில் பல கருவிகளை இணைக்கும் பெட்டி) வழியாக இணைத்த இரண்டாவது மானிட்டர் தெரியவில்லை.

யுஎஸ்பி டாக்குகளில் டிஸ்ப்ளேலிங்க் சிப் உள்ளவை உண்டு. அவை கிராபிக்ஸ் கார்டின் டிரைவரோடு நில்லாமல், தங்களுக்கென்று தனி டிரைவரும் கேட்பவை. அப்டேட்டுக்குப் பின் அதன் புதிய பதிப்பைப் போடுங்கள்.

லினக்ஸில் பதிப்பை உயர்த்தியபின் டெஸ்க்டாப்பே வரவில்லை.

என்விடியா கார்டு இருந்தால் பெரும்பாலும் கதை இப்படித்தான் இருக்கும்: புதிய கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) வந்துவிட்டது, அதற்கேற்ப என்விடியா மாட்யூல் (கெர்னலோடு சேரும் டிரைவர்) மறுபடி கட்டப்படவில்லை. அல்லது கட்டப்பட்டும், செக்யூர் பூட் (கையொப்பமில்லாத மென்பொருள் தொடங்காமல் காக்கும் வசதி) அதன் கையொப்பத்தை ஏற்காமல் தடுக்கிறது. இன்டெல், ஏஎம்டி கார்டுகளின் டிரைவர் கெர்னலிலேயே இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு.

கணினி தொடங்கும்போது எஸ்கேப் விசையை அழுத்தி (பழைய பயாஸ் முறை என்றால் ஷிஃப்ட்) கிரப் பட்டியலை (எதில் தொடங்குவது என்று தேர்வுசெய்யும் பட்டியல்) வரவழையுங்கள். 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே பழைய கெர்னல் இருக்கும். அதில் டெஸ்க்டாப் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது, நிதானமாக டிரைவரைப் பார்க்கலாம். அதிலும் வராவிட்டால் பட்டியலில் இ எழுத்தை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு நோமோட்செட் என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் ஒரே சொல்லாகச் சேர்த்து, எஃப்10 அழுத்துங்கள். இது அந்த ஒருமுறைக்கு மட்டுமே செல்லும். எனவே பயமில்லாமல் செய்து பார்க்கலாம். படம் கரடுமுரடாக இருந்தாலும் உள்ளே போய்விடலாம்.

உள்ளே போனதும் உபுண்டுவில் 'அடிஷனல் டிரைவர்ஸ்' திறந்து பரிந்துரைக்கப்பட்ட டிரைவரைப் போடுங்கள். நடுவில் கடவுச்சொல் ஒன்று அமைக்கச் சொன்னால் மறக்காமல் குறித்துவையுங்கள். அடுத்த ரீஸ்டார்ட்டில் ஒரு நீலத்திரை வந்து 'என்ரோல் எம்ஓகே' என்று கேட்கும். அதற்குத்தான் அந்தக் கடவுச்சொல். அவசரத்தில் அதைத் தாண்டிப் போய்விடுபவர்கள் நிறைய. பிறகு டிரைவர் போட்டும் ஏன் வேலை செய்யவில்லை என்று மண்டையைக் குடைந்துகொண்டிருப்பார்கள்.

டெஸ்க்டாப் வருகிறது, ஆனால் திரைப் பகிர்வோ பழைய திரைக் கருவிகளோ வேலை செய்யவில்லை என்றால் வேலாண்டைக் (திரையில் படம் வரையும் புதிய முறை) கவனியுங்கள். உபுண்டு 21.04 முதல் பெரும்பாலான கணினிகளில் அதுதான் இயல்பிருப்பு. பல பதிப்புகளில் உள்நுழையும் திரையின் பற்சக்கர ஐகானில், பழைய முறையான எக்ஸ்ஆர்க்கைத் தேர்வுசெய்ய முடியும். உபுண்டு 25.10-இல், அதன் இயல்பான டெஸ்க்டாப்பான க்னோமுக்கு அந்த வாய்ப்பு எடுக்கப்பட்டுவிட்டது. எக்ஸ்ரேண்டர் கட்டளையை வைத்து ரெசல்யூஷன் மாற்றிவந்தவர்கள் இனி டெஸ்க்டாப்பின் அமைப்புப் பக்கத்திலேயே மாற்ற வேண்டியிருக்கும்.

மேக்கில்?

கிராபிக்ஸ் டிரைவர் மேக்ஓஎஸ் உள்ளேயே வருகிறது, தனியாகப் போட ஒன்றுமில்லை. சேஃப் மோடில் ஒருமுறை தொடங்கிப் பாருங்கள். ஆப்பிள் சிலிக்கான் (ஆப்பிளின் சொந்தச் சிப் உள்ள) மேக்கை அணைத்துவிட்டு, தொடக்கத் தேர்வுகள் வரும்வரை பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து, டிஸ்க்கைத் தேர்ந்து ஷிஃப்டோடு தொடருங்கள். இன்டெல் மேக்கில் தொடங்கும்போதே ஷிஃப்ட். ரெட்டினா (புள்ளிகள் மிக நெருக்கமான திரை) அல்லாத பழைய மானிட்டரில் எழுத்து மெலிந்து மங்கினால் அது பழுது இல்லை. 2018-இல் வந்த மொஹாவே பதிப்பிலிருந்து எழுத்தை வழவழப்பாக்கும் பழைய முறையை ஆப்பிள் கைவிட்டுவிட்டது.

என் கார்டுக்கு புதிய டிரைவரே இல்லை என்கிறார்கள். வேறு வழியில்லையா?

விண்டோஸ் 11 கேட்பது டைரக்ட்எக்ஸ் 12 (விண்டோஸின் கிராபிக்ஸ் முறை) என்பதற்கு ஏற்ற கார்டும், டபிள்யூடிடிஎம் 2.0 என்ற தரத்திலான டிரைவரும். அதற்கு உட்பட்ட பழைய கார்டுகளுக்கும்கூட நிறுவனங்கள் ஒரு கட்டத்தில் புதிய டிரைவர் தருவதை நிறுத்திவிடும். என்விடியாவின் கெப்ளர் வகைக் கார்டுகளுக்கு 470 வரிசைதான் கடைசி. அந்தக் கடைசிப் பதிப்பைத் தேடிப் போடுவதே சரி. தளத்தில் மேலே தெரியும் புதியதைப் போட முயன்றால் 'பொருத்தமான வன்பொருள் இல்லை' என்றுதான் வரும். அந்தக் கடைசிப் பதிப்பும் ஒத்துவரவில்லை என்றால் பழைய இயங்குதளத்துக்குத் திரும்புவதா, கார்டை மாற்றுவதா என்ற முடிவை எடுக்க வேண்டியதுதான்.

பழைய விண்டோஸுக்கே திரும்பிவிடலாமா?

திரும்பலாம், ஆனால் கால வரம்பு உண்டு. மேம்படுத்தியதிலிருந்து 10 நாள் வரை, செட்டிங்ஸில் 'ரிகவரி' பகுதியில் 'கோ பேக்' இருக்கும். உங்கள் கோப்புகள் அப்படியே இருக்கும், இடையில் நிறுவிய புரோகிராம்கள் போய்விடும். இருந்தாலும் முக்கியமானவற்றை வெளியே ஒரு பிரதி எடுத்துவிட்டுத்தான் தொட வேண்டும். இடம் போதவில்லை என்று டிஸ்க் கிளீனப்பில் விண்டோஸ் டாட் ஓல்டை அழித்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். அதனால் திரை சரியாகும் வரை அதைத் தொடவே தொடாதீர்கள். 10 நாள் போதாது என்று தோன்றினால், அது முடிவதற்குள் டிஸம் என்ற விண்டோஸ் கட்டளை மூலம் 60 நாள் வரை நீட்டிக்கொள்ளலாம்.

விண்டோஸ் 10-க்குத் திரும்புவதாக இருந்தால் ஒன்றை எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்ந்தால்தான் பாதுகாப்புத் திருத்தங்கள் தொடரும். திரும்பிய கையோடு அதில் பதிவுசெய்துவிடுங்கள்.